அமைதியான சைவச் சாப்பாடு: நெரிசலான நகரத்தில் எங்கே போகலாம்?

இரண்டு பேர் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டும். சாப்பாடு சைவமாக இருக்க வேண்டும். ஊரோ ஓயாத ஊர். எங்கே போவது? வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், வேலை விஷயமாக ஒருவரைச் சந்திக்கிறவர்கள், வெளியூரில் தனியாக மாட்டிக்கொண்டவர்கள் என்று பலரும் கேட்கிற கேள்வி இது.

கேட்கும்போது ஒரே கேள்வி போலத்தான் தெரியும். ஆனால் இதற்குள் இரண்டு தேவைகள் இருக்கின்றன. ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று நழுவுகிறது. சைவத்துக்கு முழு உறுதி தரும் உணவகங்களில் பல, சீக்கிரம் பரிமாறி சீக்கிரம் மேசையைக் காலி செய்து பிழைப்பவை. கூட்டமும் அதிகம், சத்தமும் அதிகம். அமைதிக்குப் பேர்போன இடங்களிலோ சமையற்கட்டில் எந்தச் சட்டியில் எது வேகிறது என்று நமக்குத் தெரியாது.

என் சாய்வை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சத்தத்தை ஓரளவு நாமே சரிசெய்துகொள்ளலாம். நேரத்தை மாற்றலாம், மேசையை மாற்றலாம், பாட்டைக் குறைக்கச் சொல்லலாம். சமையற்கட்டை அப்படி மாற்ற முடியாது. ஆகவே கண்டிப்பான சைவக்காரர் முதலில் சமையற்கட்டைப் பார்த்து உணவகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அமைதியை நேரத்தைக் கொண்டு வாங்க வேண்டும். அவ்வளவு கண்டிப்பில்லாதவர் இதைத் தலைகீழாகச் செய்யலாம்.

## எதை வைத்து அளப்பது?

சத்தத்திலிருந்து தொடங்கலாம். சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். சுற்றுச் சத்தம் 70ஐத் தாண்டினால் குரலை உயர்த்தாமல் பேச முடியாது. 80ஐத் தொட்டால் மேசைக்குக் குறுக்கே கத்த வேண்டியதுதான். பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். அதனால் 70க்கும் 80க்கும் உள்ள வித்தியாசம், எண்ணைப் பார்த்தால் தோன்றுவதைவிடப் பெரியது.

சுற்றிலும் சத்தம் கூடினால் நமக்கே தெரியாமல் நம் குரலும் உயரும். பிரான்ஸைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் 1911இல் இதைப் பதிவு செய்தார். இன்றும் அவர் பெயரில்தான் இதைச் சொல்கிறார்கள். உணவகத்தில் இது எப்படி வேலை செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து மேசைக்காரர் குரலை உயர்த்துகிறார், அதற்கு மேல் நீங்கள் உயர்த்துகிறீர்கள், அதற்கு மேல் அடுத்த மேசை. யாரும் வேண்டுமென்று கத்தவில்லை, ஆனாலும் அரை மணி நேரத்தில் கூடம் முழுக்க இரைச்சல். பாதி காலியான உணவகத்துக்கும் நிரம்பிய உணவகத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆட்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடாததற்கு இதுதான் காரணம்.

அடுத்தது சுவர், தரை, கூரை. கண்ணாடி, டைல்ஸ், கான்கிரீட் எல்லாம் ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும். கம்பளம், கனத்த திரை, மெத்தை வைத்த நாற்காலி எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். 1895 வாக்கில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடம் யாருக்கும் பேச்சே புரியாதபடி எதிரொலித்தது. ஒரு சொல் அடங்க 5 விநாடிக்கு மேல் ஆகுமாம். அதைச் சரிசெய்யச் சொன்னபோது வாலஸ் சேபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளில் தொடங்கியது என்று சொல்லலாம். நமக்கு வேண்டிய பாடம் எளிது: உணவகத்தின் படங்களைப் பார்க்கும்போது தட்டை விட்டுவிட்டுக் கூரையையும் நாற்காலியையும் பாருங்கள். மேலே குழாய்கள் தெரிகிற வெறும் கான்கிரீட், கீழே பளபளக்கும் தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி என்றால் படத்துக்கு அழகு, பேச்சுக்கு ஆகாது.

இரண்டாவது அளவுகோல், சைவத்தின் உறுதி. இதில் முதலில் உங்கள் கோடு எது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். தட்டில் இறைச்சி இல்லாவிட்டால் போதுமா? முட்டை ஆகுமா? வெங்காயம், பூண்டு ஆகுமா? மீன் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கு பொரித்தால் பரவாயில்லையா? கூட வருபவரின் கோடும் உங்கள் கோடும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பார்வைக்குச் சைவமாக இருப்பவற்றில் ஒளிந்திருக்கும் சாமான்கள் நிறைய. காய்கறி சூப்புக்கு அடிப்படை கோழி எலும்புச் சாறாக இருக்கலாம். ஜப்பானியச் சமையலில் பல குழம்புகளின் அடிப்படையான தாஷி, பெரும்பாலும் உலர்த்திய மீன் சீவலில் இறக்கியது. தாய்லாந்து, வியட்நாம் உணவில் மீன் சாறு ஊற்றுவார்கள். வூஸ்டர்ஷையர் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ், விதிப்படியே கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைப்பொருள் கொண்டுதான் செய்யப்படுகிறது. இனிப்பில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் வரும்.

மிச்ச அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எவ்வளவு நேரம் உட்கார விடுவார்கள், பில்லில் தெரியாத செலவு என்ன, போய்வருவதில் எவ்வளவு அலைச்சல், கூட வருபவருக்குப் படியேறுவதோ காது கேட்பதோ சிரமமா என்பவை.

## முழுச் சைவ உணவகம்

சமையற்கட்டு பற்றிய கேள்வியே இங்கே எழாது. சட்டி, எண்ணெய், கரண்டி எல்லாம் சைவம். மெனுவில் எதைக் கேட்டாலும் சாப்பிடலாம் என்ற நிம்மதியே பேச்சைச் சுலபமாக்கிவிடும். சர்வரை நிறுத்தி வைத்து விசாரணை நடத்த வேண்டியதில்லை. இந்த வகை உணவகங்களுக்கு வயதும் உண்டு. சூரிச் நகரின் ஹில்ட்ல் 1898இல் தொடங்கி இன்றும் நடக்கிறது.

சிக்கல் சத்தம்தான். மலிவான, சீக்கிரம் ஆள் மாறும் கடையென்றால் பாத்திரம் மோதும் ஒலி, ஆர்டரைக் கூவும் குரல், பின்னால் மேசைக்குக் காத்து நிற்பவரின் மூச்சு எல்லாம் சேர்ந்துதான் வரும். காத்திருப்பவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சாப்பிட்ட பிறகும் உட்கார்ந்து பேச யாருக்கு மனம் வரும்? மறைந்திருக்கும் விலை இதுதான். பில் குறைவு, ஆனால் கொடுத்த பணத்துக்கு இருபது நிமிட மேசைதான் கிடைக்கும். பேச்சு முடியாமல் இரண்டாவது இடம் தேடிக் காப்பிக்குப் போனால் அந்தச் செலவையும் இதே கணக்கில் சேருங்கள்.

இந்த வகைக்குள்ளேயே வேறுபாடு பெரியது. பௌத்த மரபில் நடக்கும் சைவ உணவகங்கள் பல, வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. அவற்றைத் தவிர்ப்பவர்களுக்கு வெளிநாட்டில் அது பெரிய வரம். ஆனால் கோதுமைப் புரதத்திலும் சோயாவிலும் வாத்து, மீன் போலவே செய்து வைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. சாப்பிடத் தடையில்லை என்றாலும், பார்த்ததும் முகம் சுளிக்கும் பெரியவர் கூட இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தாவர உணவு மட்டும் தரும் புதுவகை கஃபேக்களில் உணவில் உறுதி உண்டு, ஆனால் காப்பி அரைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசை கிடைத்தால் போச்சு.

இன்னொன்று. நேற்று சைவமாக இருந்த இடம் இன்றும் அப்படியே இருக்கும் என்று நினைக்க முடியாது. நியூயார்க்கின் இலெவன் மேடிசன் பார்க் 2021இல் இறைச்சியை முழுதாக விட்டது. உணவகங்களுக்குத் தரம் போடும் மிச்செலின் கையேட்டில் மூன்று நட்சத்திரம் பெற்ற உணவகம் என்பதால் உலகமே பேசியது. 2025இல் இறைச்சியை மீண்டும் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். பழைய கட்டுரையை நம்பிப் போகாமல், கிளம்பும் முன் ஒருமுறை மெனுவைப் பார்த்துவிடுங்கள்.

## எல்லாம் சமைக்கும் பொது உணவகம்

எண்ணிக்கையில் அதிகம் இவைதான், வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ பக்கத்தில் இருப்பதும் இவைதான். கூட வருபவர் சைவம் இல்லையென்றால் இரு தரப்புக்கும் வசதி. நடுத்தர விலை உணவகங்களில் மெத்தை வைத்த தடுப்பு இருக்கைகள் இருந்தால், முழுச் சைவக் கடைகளைவிட நிதானமாகப் பேசலாம்.

ஆனால் சைவம் இங்கே சர்வரின் சொல்லில் தொங்குகிறது. “இது சைவமா?” என்று கேட்டால் “ஆமாம்” என்ற பதில் மிகச் சுலபமாக வந்துவிடும். கேள்வியை உடைத்துக் கேளுங்கள். சூப்பின் அடிப்படைச் சாறு எது? பொரிக்கும் எண்ணெய் தனியா? சாஸில் மீன் உண்டா? ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஒரு வசதி இருக்கிறது. 2014 டிசம்பர் முதல், பாக்கெட்டில் அடைக்காத உணவுக்கும் 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலை உணவகங்கள் தர வேண்டும். மீன், நண்டு, இறால், சிப்பி, முட்டை, பால் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே மீன் சாறு இருந்தால் அதில் தெரிந்துவிடும். கோழிச் சாறோ பன்றிக் கொழுப்போ தெரியாது, ஏனென்றால் இறைச்சி அந்த 14இல் இல்லை. பட்டியல் பாதி வேலையைத்தான் செய்யும், மீதியை வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும்.

மறைமுகச் செலவு இரண்டு. சைவத்துக்கென்று இருப்பது நாலைந்து பதார்த்தம் என்றால், பக்கத் தட்டுகளை மூன்று நான்காகச் சேர்த்து வயிற்றை நிரப்ப வேண்டிவரும், பில் அசைவக்காரரின் பில்லைவிட ஏறிவிடும். எல்லோரும் சமமாகப் பங்கு பிரிக்கும் கூட்டமென்றால் நேர் எதிர்: கீரையைத் தின்றவர் இறைச்சிக்கும் சேர்த்துப் பணம் கட்டுவார். மாலை நேரத்தில் மது விற்பதை நம்பி நடக்கும் இடமென்றால், நேரம் ஆக ஆகச் சத்தம் ஏறிக்கொண்டே போகும். பெரிய திரையில் விளையாட்டு ஓடும் நாளில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கண்டிப்பு குறைவாக உள்ளவருக்கும், இருவரில் ஒருவர் மட்டுமே சைவம் என்ற நிலைக்கும் இது பொருந்தும். சமையற்கட்டு கலந்திருக்கக் கூடாது என்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம்.

## பெரிய விடுதிக்குள் இருக்கும் உணவகம்

அமைதிக்குப் பணம் கொடுத்து வாங்கும் வழி இது. கம்பளம், திரை, தள்ளித் தள்ளிப் போட்ட மேசைகள், தெருவிலிருந்து விலகிய கட்டடம் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும். தங்குபவர்களை நம்பி நடப்பதால், வார நாட்களின் மதியத்தில் இவற்றில் பல காலியாகவே கிடக்கும். யாரும் உங்களைக் கிளப்ப மாட்டார்கள். வேலை விஷயம் பேச, மனவருத்தம் தீர்த்துக்கொள்ள, காது மந்தமான ஒருவரோடு சாப்பிட இதைவிடத் தோதான இடம் குறைவு.

சைவத்தைப் பொறுத்தவரை நிலைமை நடுத்தரம். பல நாட்டு விருந்தினர் வருவதால் கேள்வி கேட்டால் எரிச்சல்படாமல் உள்ளே போய் விசாரித்து வருவார்கள், சமையல்காரரே வெளியே வந்து பேசுவதும் உண்டு. ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் மெனுவில் இல்லாததையும் செய்து தருவார்கள். சமையற்கட்டு என்னவோ கலப்புதான். பஃபே என்றால் இன்னும் கவனம் வேண்டும்: பெயர்ப்பலகை சரியாக இருக்கும், ஆனால் முன்னால் போனவர் கோழியில் போட்ட கரண்டியைப் பன்னீரில் வைத்துவிட்டுப் போயிருப்பார். காலை பஃபே நேரத்தில் சுற்றுலாக் குழு இறங்கினால் அமைதியும் போய்விடும்.

செலவு வெளிப்படையாகவே அதிகம், அதற்கு மேல் ஒளிந்திருப்பவையும் உண்டு. சேவைக் கட்டணம், வரி, பாட்டில் தண்ணீர், வண்டி நிறுத்தம் என்று மெனு விலைக்கு மேல் ஏறிக்கொண்டே போகும். மெனுவில் போட்ட விலை வரி சேர்த்ததா என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

## தனியறை

ஆறு பேருக்கு மேல் என்றால் முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். ஆறு பேர் ஒரு கூடத்தில் உட்கார்ந்தால் அந்த மேசையே ஒரு சத்தம், மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. கல்யாணப் பேச்சு, சொத்து விவகாரம், பெரியவர்கள் கூடும் சாப்பாடு எல்லாவற்றுக்கும் கதவு ஒன்று இருப்பது நல்லது.

முன்பதிவு செய்யும் முன் அறையின் சுவரைப் பற்றிக் கேளுங்கள். பல இடங்களில் தனியறை என்பது பெரிய கூடத்தை மடக்குத் தடுப்பால் பிரித்த துண்டு. அந்தப் பக்கம் பிறந்தநாள் கொண்டாட்டம் என்றால் மைக் உங்கள் தட்டுக்கே வரும். குறைந்தபட்ச பில் தொகை, முன்பணம், வராவிட்டால் பிடித்துக்கொள்ளும் தொகை இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்தபட்சத் தொகை இறைச்சியின் விலையை வைத்துப் போட்டதாக இருக்கும் என்பதால், சைவக் கூட்டம் சாப்பிட்டு அதைத் தொடுவது கஷ்டம். தொடாத மிச்சத்துக்கும் பணம் கட்ட வேண்டிவரும். இரண்டு பேருக்குத் தனியறை எடுத்தால் நேர்முகத் தேர்வு போல ஆகிவிடும், வேண்டாம்.

முழுச் சைவ உணவகத்திலேயே மாடியில் இப்படி ஓர் அறை இருந்தால், இரண்டு தேவையும் ஒரே இடத்தில் தீர்ந்துவிடும். பல உணவகங்கள் அதை விளம்பரப்படுத்துவதில்லை. போன் செய்து கேட்டால்தான் தெரியும்.

## வாங்கிக்கொண்டு வேறிடம் போவது

சமையற்கட்டும் நம் விருப்பம், சத்தமும் நம் விருப்பம். நல்ல பருவநிலையும் ஒரு பூங்காவும் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் இது தோற்கடித்துவிடும். ஆனால் ஆறிய சாப்பாடு, கை கழுவ இடம் தேடுவது, உட்கார முடியாத முழங்கால்கள் ஆகியவற்றை மறக்கக் கூடாது. மரியாதை காட்ட வேண்டிய விருந்தினருக்கு இது சரிவராது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முழுச் சைவ உணவகம் | பொது உணவகம் | விடுதி உணவகம் | தனியறை |
|---|---|---|---|---|
| சைவ உறுதி | முழுமை | கேட்டுத் தெரிய வேண்டும் | சொல்லி வைத்தால் நன்று | உணவகத்தைப் பொறுத்தது |
| அமைதி | கூட்ட நேரத்தில் குறைவு | இரவில் மோசமாகும் | அதிகம், பஃபே நேரம் தவிர | தடுப்பைப் பொறுத்தது |
| உட்காரும் நேரம் | குறைவு | நடுத்தரம் | தாராளம் | பேசி வைத்த நேரம் |
| ஒளிந்த செலவு | இரண்டாவது இடம் | பக்கத் தட்டுகள், சமப் பங்கு | வரி, சேவைக் கட்டணம், தண்ணீர் | குறைந்தபட்ச பில், முன்பணம் |
| யாருக்கு | கண்டிப்பான சைவக்காரர் | கலந்த கூட்டம் | இரண்டு மூன்று பேர், நீண்ட பேச்சு | ஆறு பேருக்கு மேல் |

தேடும் செயலிகளிலும் இதே இழுபறி உண்டு. 1999 முதல் நடக்கும் ஹேப்பிகௌ, முழுத் தாவர உணவு, சைவம், சைவமும் கிடைக்கும் இடம் என்று உணவகங்களைப் பிரித்துக் காட்டும். சத்தம் பற்றித் தெரிய சவுண்ட்பிரிண்ட் என்ற செயலி இருக்கிறது. சாப்பிடப் போனவர்கள் அளந்து பதிவிட்ட டெசிபல் கணக்கு அதில் இருக்கும், எல்லா ஊரிலும் பதிவுகள் நிறைய இராது. ஒன்றில் எடுத்து மற்றொன்றில் சரிபார்க்க வேண்டியதுதான்.

## நேரமும் மேசையும்

முழுச் சைவ உணவகத்தை நான் முன்னால் நிறுத்துவதற்குக் காரணம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதே கடை, அதே சாப்பாடு, ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போனால் வேறு கடை. அலுவலகங்கள் நிறைந்த பகுதியில் மதியம் நெரிசல், மாலையும் விடுமுறை நாளும் காலி. கடைத்தெருப் பகுதியில் இது தலைகீழ். திறந்தவுடன் முதல் ஆளாகப் போவது கூட்டம் ஓய்ந்த பிறகு போவதைவிட நல்லது. கடைசி நேரத்தில் பாதிப் பதார்த்தம் தீர்ந்திருக்கும், நாற்காலியைத் தூக்கி மேசைமேல் கவிழ்க்கும் ஒலியும் சேர்ந்து வரும். மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே சமையற்கட்டை மூடும் உணவகங்கள் உண்டு, அந்த நேரத்தை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மேசையைத் தேர்ந்தெடுக்கும்போது வாசல், சமையற்கட்டுக் கதவு, கழிப்பறை வழி, பில் போடும் இடம், ஒலிபெருக்கி இந்த ஐந்திலிருந்தும் விலகி மூலையைக் கேளுங்கள். காது மந்தமானவரை எங்கே உட்கார வைப்பது என்பதற்கு ஒரே விடை கிடையாது. காது கேட்கும் கருவி அணியாதவர் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பின்னாலிருந்து வரும் இரைச்சல் குறையும், பேசுபவரின் வாயையும் பார்க்கலாம். கருவி அணிந்தவருக்கு இது மாறும். பல கருவிகளின் மைக், முன்னால் வரும் ஒலியைப் பிடித்துப் பின்னால் வருவதைத் தணிக்கும். அப்படிப்பட்டவர் கூடத்துக்கு முதுகைக் காட்டி, நீங்கள் சுவர்ப் பக்கம் உட்கார்வதுதான் நல்லது.

போன் செய்யும்போது “அமைதியாக இருக்குமா?” என்று கேட்காதீர்கள். “இல்லை” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அன்று பெரிய கூட்டம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா, நேரலை இசை உண்டா, எத்தனை மணிக்கு நிரம்பும், மேசைக்கு நேர வரம்பு உண்டா என்று கேளுங்கள். கலப்புச் சமையற்கட்டு என்றால் பொரிக்கும் எண்ணெயைப் பற்றியும் சூப்பைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம். சாப்பிடப் போன இடத்தில் விருந்தினர் முன்னால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.